மலாக்கா: கோட்டை இடிந்தது, கடைத்தெரு நிற்கிறது



பயணக் கட்டுரை எழுதும் அளவுக்கு நான் படித்தவன் அல்ல. பள்ளிப் படிப்பு முடிந்ததும் அப்பாவோடு கல்லாவில் உட்கார்ந்தவன். தக்கலையில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்கிறேன். வெளிநாடு என்று நான் போனது ஒரே ஒரு முறைதான். சென்ற ஆண்டு மலேசியாவில் பத்து நாள் இருந்துவிட்டு வந்தேன். அங்கே மலாக்கா என்ற பழைய துறைமுக நகரில் இரண்டு நாள் தங்கினேன். அந்த இரண்டு நாளில் கண்டதும் கேட்டதும் நம் வியாபாரிகளுக்குப் பயன்படும் என்று தோன்றியதால் இதை எழுதத் துணிந்தேன்.

என் மனைவியின் தம்பி மகன் கோலாலம்பூரில் வேலை பார்க்கிறான். அவன் குழந்தையின் காதுகுத்துக்குத்தான் குடும்பத்தோடு போயிருந்தோம். விசேஷம் முடிந்த பிறகு, "ரெட்டைக் கோபுரம் பாத்தாச்சு, பத்துமலை முருகனையும் பாத்தாச்சு. இனி எங்க போணும் மாமா?" என்று கேட்டான். "மலாக்காவுக்குக் கூட்டிட்டுப் போ மக்கா" என்றேன். அவனுக்கு வியப்பாகப் போய்விட்டது. மலாக்காவைப் பற்றி மாமாவுக்கு என்ன தெரியும் என்று நினைத்திருப்பான்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் நம் ஊர் உதயகிரிக் கோட்டை மூலமாகத்தான். புலியூர்க்குறிச்சியில் அந்தக் கோட்டைக்குள் டிலனாய் என்ற டச்சுப் படைத் தலைவனின் கல்லறை இருப்பதை நாம் எல்லோரும் அறிவோம். 1741-ல் குளச்சல் போரில் மார்த்தாண்டவர்மா மகாராஜாவின் படையிடம் பிடிபட்டு, பிறகு அவருக்கே படைத் தளபதியாகி, 1777-ல் இங்கேயே இறந்தவர். கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த டச்சுக்காரர்கள் இவ்வளவு தூரம் வந்து சண்டை போட்டது எதற்காக? நம் நல்லமிளகுக்காக. அதே டச்சுக் கம்பெனி, குளச்சலில் தோற்பதற்குச் சரியாக நூறு ஆண்டுகளுக்கு முன், 1641-ல் மலாக்காவைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தது. குளச்சலில் முடியாதது மலாக்காவில் எப்படி முடிந்தது என்று பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஆற்றங்கரையில் ஒரு நகரம்

கோலாலம்பூரிலிருந்து பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். ஊருக்கு நடுவே மலாக்கா ஆறு ஓடுகிறது. பெரிய ஆறு என்று நினைத்துப் போகாதீர்கள். ஒரு காலத்தில் உலகத்துச் சரக்கெல்லாம் வந்து இறங்கிய ஆறு இது. இப்போது சுற்றுலாப் பயணிகளை ஏற்றிய படகுகள்தான் போய் வருகின்றன. இரு கரையிலும் இருந்த பழைய கிடங்குகளும் கடைகளும் தேநீர்க் கடைகளாகவும் தங்கும் விடுதிகளாகவும் மாறியிருக்கின்றன.

ஆற்றின் ஒரு கரையில் அரசாங்கம் இருந்தது. மறு கரையில் வியாபாரம் இருந்தது. அரசாங்கக் கரையில் டச்சுக்காரர் கட்டிய ஆளுநர் மாளிகை செக்கச்செவேலென்று நிற்கிறது. பக்கத்தில் 1753-ல் கட்டிய கிறிஸ்து ஆலயம். மேலே குன்றின்மீது புனித பவுல் ஆலயத்தின் சுவர்கள் மட்டும் கூரையில்லாமல் நிற்கின்றன. நம் கோட்டாறு சவேரியார் இந்த ஊரில் ஊழியம் செய்திருக்கிறார். 1552-ல் சீனக் கரையோரம் அவர் இறந்த பிறகு, முதலில் அங்கேயே புதைத்த உடலை எடுத்து வந்து, சில காலம் இந்த ஆலயத்தில் அடக்கம் செய்து வைத்திருந்தார்கள். பிறகுதான் கோவாவுக்குக் கொண்டு போனார்கள். அந்த வெறுமையான குழியைக் கம்பி போட்டுக் காட்டுகிறார்கள். கோட்டாறு திருவிழாவுக்கு ஆண்டுதோறும் சரக்கு அனுப்பும் எனக்கு அங்கே நின்றபோது ஊர் நினைவு வந்துவிட்டது.

குன்றின் அடிவாரத்தில் போர்த்துக்கீசியக் கோட்டை இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். இன்று மிச்சமிருப்பது ஒரே ஒரு வாசல். 1807-ல் ஆங்கிலேயர் கோட்டையை வெடி வைத்துத் தகர்த்தார்கள். அந்த ஒரு வாசல் எப்படியோ தப்பியது. எல்லோரும் அதன் முன்னால் நின்று புகைப்படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

பாலம் தாண்டி மறு கரைக்குப் போனால் கடைத்தெரு அப்படியே இருக்கிறது. முன்பக்கம் குறுகலாகவும் உள்ளே ரயில் பெட்டி போல நீளமாகவும் கட்டிய கடைவீடுகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. முன்னால் கடை, பின்னால் கிடங்கு, மேலே குடும்பம். வாசலின் அகலத்தைப் பார்த்து டச்சுக்காரர் வரி போட்டார்கள், அதனால் இப்படிக் கட்டினார்கள் என்று அங்குள்ளவர்கள் சொல்கிறார்கள். 2008-ல் இந்த நகரத்தையும் பினாங்கின் ஜார்ஜ் டவுனையும் சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

சந்தை நடந்த விதம்

மலாக்காவில் விளைந்தது அதிகம் இல்லை. அரிசிகூட வெளியிலிருந்து வர வேண்டும். பிறகு எப்படி அது பெரிய சந்தை ஆயிற்று? காற்றுதான் காரணம். நம் ஊரில் எடவப்பாதியும் துலாமழையும் மாறி மாறி வருகிற மாதிரி, கடலில் காற்று ஆறு மாதம் ஒரு பக்கம், ஆறு மாதம் மறு பக்கம் அடிக்கிறது. மேற்கிலிருந்து ஒரு காற்றில் வரும் கப்பலும், சீனாவிலிருந்து இன்னொரு காற்றில் வரும் கப்பலும் சந்திக்கும் முனையில் மலாக்கா இருந்தது. காற்று திரும்பும்வரை வியாபாரிகள் அங்கேயே தங்க வேண்டும். தங்கும் வியாபாரிக்குக் கிடங்கும், நேர்மையான எடையும், பயமில்லாத வாழ்க்கையும் வேண்டும். இதை அறிந்து செய்து கொடுத்தவர்கள் மலாக்கா சுல்தான்கள்.

போர்த்துக்கீசியர் பிடித்த புதிதில், 1512 முதல் 1515 வரை, தோமே பிரெஸ் என்பவர் அங்கே இருந்தார். அவர் மருந்துச் சரக்கு வியாபாரம் தெரிந்தவர், நம் நாட்டு மருந்துக் கடைக்காரர் மாதிரி. அதனால் ஒரு வியாபாரியின் கண்ணோடு எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறார். அந்தச் சந்தையில் 84 மொழிகள் பேசப்பட்டன என்கிறார். வியாபாரிகளுக்காக நான்கு துறைமுக அதிகாரிகள் இருந்தார்கள். குஜராத்திகளுக்கு ஒருவர், நம் சோழமண்டலக் கரை, வங்காளம், பெகு பக்கத்தாருக்கு ஒருவர், ஜாவா பக்கத்தாருக்கு ஒருவர், சீனருக்கு ஒருவர். வந்தவனுக்குத் தன் வழக்கம் அறிந்த அதிகாரியிடமே முறையிட வசதி.

மேற்கிலிருந்து வரும் சரக்குக்குத் தீர்வை நூற்றுக்கு ஆறு. சரக்கின் மதிப்பை யார் போடுவது? அதிகாரி ஒருவரே போட்டால் கைமாற்றுக்கு இடம் வரும். அதனால் பத்து வியாபாரிகள் உட்கார்ந்து மதிப்புப் போட்டார்கள். அவர்களில் ஐந்து பேர் நம் கரையைச் சேர்ந்தவர்கள், ஐந்து பேர் பிற நாட்டார்.

நான் வியந்தது அடுத்த விஷயத்தில்தான். கப்பல் வந்தால், பத்து இருபது உள்ளூர் வியாபாரிகள் ஒன்றுகூடி, சரக்குக்காரரோடு உட்கார்ந்து ஒரே விலை பேசி, மொத்தச் சரக்கையும் எடுத்துக்கொள்வார்களாம். பிறகு அவரவர் பங்குக்கு ஏற்பப் பிரித்துக்கொள்வார்கள். கப்பல்காரனுக்குக் காற்று தவறாமல் திரும்ப முடிந்தது. வாங்கியவர்களுக்கு ஒருவரோடு ஒருவர் போட்டி போட்டு விலையை ஏற்றிக்கொள்ளும் கேடு இல்லை. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னாலேயே கூட்டுக் கொள்முதல் நடந்திருக்கிறது. நாம் இன்னும் கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டே இருக்கிறோம்.

அங்கே கைமாறிய சரக்குகளும் நமக்கு அன்னியமானவை அல்ல. நம் கரையிலிருந்து துணி போயிற்று. மொலுக்கஸ் தீவுகளிலிருந்து கிராம்பு வந்தது, பண்டாத் தீவுகளிலிருந்து ஜாதிக்காயும் ஜாதிபத்திரியும் வந்தன. அந்தக் கிராம்பு இன்று நம் மாவட்டத்து மலைகளிலேயே விளைகிறது. 2021-ல் கன்னியாகுமரி கிராம்புக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. எந்தச் சரக்குக்காகக் கடல் கடந்து அடித்துக்கொண்டார்களோ, அதை நாம் பொட்டலம் கட்டி விற்கிறோம்.

வாள் வந்தது, வியாபாரி போனான்

1511 ஆகஸ்டில் அல்புகெர்க் என்ற போர்த்துக்கீசியத் தளபதி மலாக்காவைப் பிடித்தார். கொள்ளைப் பொருளை ஏற்றிப் போன அவருடைய பெரிய கப்பல் சுமத்ரா கரையோரம் மூழ்கிவிட்டது. பள்ளிவாசல், சமாதிகளின் கல்லைப் பெயர்த்துக் கோட்டை கட்டினார்கள் என்று சொல்லப்படுகிறது. உலகச் சந்தை இனி நம் கையில் என்று நினைத்தார்கள். ஆனால் நடந்தது வேறு. கப்பல்களுக்கு அனுமதிச் சீட்டு, கெடுபிடி, தலைவனுக்குத் தனி ஆதாயம் என்று ஆனதும், முஸ்லிம் வியாபாரிகள் அச்சே, ஜோகூர், பாந்தன் போன்ற துறைமுகங்களுக்குப் போகத் தொடங்கினார்கள். யாரும் சண்டை போடவில்லை, மனுக் கொடுக்கவில்லை. அடுத்த காற்றில் வேறு துறைக்குப் பாயைத் திருப்பினார்கள், அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் அங்கிருந்த ஒரு தமிழ் வணிகரின் கதை என்னை உறங்கவிடவில்லை. போர்த்துக்கீசியர் அவர் பெயரை நைனா சாத்து என்ற மாதிரி எழுதி வைத்திருக்கிறார்கள். 1509-ல் முதலில் வந்த போர்த்துக்கீசியர் சிலர் மலாக்காவில் சிறைப்பட்டபோது, அவர்களுக்கு இவர் உதவினார். அந்த நன்றிக்கு, ஊரைப் பிடித்ததும் இவரைப் பெந்தகாரா என்ற பெரிய பதவியில் வைத்தார்கள். மூன்று ஆண்டுதான். 1514-ல் அரசியல் வசதிக்காக அந்தப் பதவியை எடுத்து வேறொரு சிற்றரசருக்குக் கொடுத்தார்கள். அவமானம் தாங்காமல் சிதை மூட்டி அதில் இறங்கி உயிர் விட்டார். கப்பல் கப்பலாக வியாபாரம் செய்தவர், ஆள்பவரின் தயவை முதல் என்று நம்பினார். அந்த முதல் ஒரே நாளில் போய்விட்டது.

டச்சுக்காரர் வந்த பிறகும் மலாக்கா பழைய நிலைக்கு வரவில்லை. அவர்களுக்குத் தலைமையிடம் ஜாவாவின் பத்தாவியா. 1786-ல் ஆங்கிலேயர் பினாங்கைத் தொடங்கினார்கள். 1819-ல் சிங்கப்பூரைத் தொடங்கித் தீர்வையே இல்லாத துறைமுகம் என்றார்கள். ஆற்று முகமும் மணல் மேடிட்டது. 1824 ஒப்பந்தப்படி மலாக்கா ஆங்கிலேயர் கைக்கு வந்தபோது, சந்தை சிங்கப்பூருக்குப் போய்விட்டிருந்தது.

நம்மவர் தெரு

கடைத்தெருவுக்குள் ஒரே வீதியில் மூன்று வழிபாட்டிடங்கள் இருக்கின்றன. பொய்யாத விநாயகர் கோயில் ஒன்று. 1781-ல், டச்சு அரசாங்கம் செட்டி சமூகத் தலைவர் தெய்வநாயகம் செட்டியிடம் கொடுத்த நிலத்தில் எழுந்தது. சற்றுத் தள்ளி, இந்திய முஸ்லிம் வணிகர்கள் 1748-ல் தொடங்கிய பள்ளிவாசல். அதற்குக் கும்மட்டம் இல்லை. அடுக்கடுக்கான கூரையும் சீனக் கோபுரம் போன்ற மினாராவும் இருக்கின்றன. அடுத்து சீனர் கோயில். குமாரகோவிலுக்கும் பீர் முகம்மது அப்பா தர்காவுக்கும் ஒரே கடையிலிருந்து சரக்குக் கொடுத்துப் பழகிய எனக்கு அந்த வீதி நம் ஊர் மாதிரியே இருந்தது.

காஜா பெராங் என்ற பகுதியில் செட்டிக் குடியிருப்பைப் பார்த்தோம. சுல்தான் காலத்திலேயே வந்து தங்கி, உள்ளூர்ப் பெண்களை மணந்துகொண்ட தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள் இவர்கள். வீட்டு மொழி மலாய். பெண்கள் பாரம்பரிய உடையாக கெபாயாவும் சாரோங்கும் உடுத்துகிறார்கள். ஆனால் பொங்கல் வைக்கிறார்கள், மாரியம்மனைக் கும்பிடுகிறார்கள். முன்னோருக்குப் படைப்பதைப் 'பார்ச்சு' என்கிறார்கள். நம் 'படைச்சு' என்ற சொல் போலவே காதில் விழுகிறது.

ஒரு பெரியவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். என் மருமகன் மலாயில் பேசி, நான் ஒரு வியாபாரி என்று சொன்னான். அவர் சிரித்துவிட்டு, "கெடாய்?" என்றார். கடைதான். பிறகு பேச்சில் கப்பால், பெத்தி, குடாங் என்றெல்லாம் வந்தன. கப்பல், பெட்டி, கிடங்கு. கடைசியில் "மோடால்" என்று ஒரு சொல் சொன்னார். வியாபாரத்தில் போடும் முதல். மலாய் மொழியே அந்தச் சொல்லைத் தமிழிலிருந்து வாங்கிக்கொண்டிருக்கிறது. அவர் வாயில் தமிழ் இல்லை. ஆனால் கடையும் முதலும் இருந்தன.

தென்னங்கருப்பட்டியும் என் கணக்கும்

ஜோங்கர் தெரு என்ற கடைவீதியில் மலாக்காச் சர்க்கரை விற்கிறார்கள். தென்னம்பாளையில் இறக்கிய பதநீரைக் காய்ச்சி, மூங்கில் குழாயில் ஊற்றி எடுத்த உருளைகள். நம் பனங்கருப்பட்டிக்கு அண்ணன் தம்பி. நான் ஒன்றை உடைத்து மோந்து, நாக்கில் வைத்துப் பார்த்தேன். கடைக்காரச் சீனப் பெண்மணி என்னைக் கவனித்துவிட்டு, அதை வாங்கி வைத்துவிட்டு, உள்ளே இருந்து வேறொன்று எடுத்து வந்தார். விலை கூடுதல். "முதல்ல பாத்தது சீனி சேத்தது, இது சுத்தமானதுன்னு சொல்றாங்க மாமா" என்றான் மருமகன். "இவருக்குத் தெரிகிறது. இவரிடம் அதை விற்றால் நாளைக்கு வரமாட்டார்" என்றாராம். நாளைக்கு நான் ஊருக்கே போய்விடுவேன் என்பது அவருக்குத் தெரியாது.

அப்போது எனக்கு 1994 நினைவு வந்தது. இதுவரை யாரிடமும் சொல்லாததை எழுதுகிறேன். அந்த ஆண்டு எனக்கு ஒரு லோடு கருப்பட்டி மலிவாக வந்தது. சீனி கலந்தது என்று உடைத்த உடனே தெரியும். தெரிந்துதான் எடுத்தேன். திங்கள்சந்தை, அழகியமண்டபம், குலசேகரம் பக்கத்துச் சில்லரைக் கடைகளுக்கு நல்ல கருப்பட்டி விலைக்கே கொடுத்தேன். ஒரு கடைக்காரர் மட்டும் இரண்டு பெட்டியைத் திருப்பிக் கொண்டு வந்து கடை வாசலில் வைத்தார். ஒன்றும் பேசவில்லை. பேரேட்டைப் பார்த்துப் பாக்கிப் பணம் முழுவதையும் எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார். பதினெட்டு ஆண்டு பற்று வரவு உள்ளவர். அதன் பிறகு கோட்டாற்றில் சரக்கு எடுத்தார். வழியில் பார்த்தால் சிரிப்பார், நலம் விசாரிப்பார். கடைக்கு மட்டும் வரவில்லை. "சண்ட போடுத யாவாரி திரும்பி வருவாம்லே, சும்மா போறவன் வரமாட்டான்" என்று அப்பா அன்று சொன்னார். மலாக்காவில் ஐந்நூறு ஆண்டுக்கு முன் பாயைத் திருப்பிக்கொண்டு போன வியாபாரிகளும் இப்படித்தானே போயிருப்பார்கள்.

இன்று நம் கடைகளுக்கு வருகிறவர்கள் குறைகிறார்கள். பெரிய அங்காடியும், கைப்பேசியில் அழுத்தினால் வீட்டுக்கு வரும் சரக்கும் வந்துவிட்டன. அவர்கள் மொத்தமாக வாங்குவதால் விலை குறைக்கிறார்கள், உண்மைதான். தடுக்க வேண்டும் என்று நாம் மனுக் கொடுக்கிறோம். கொடுக்க வேண்டியதுதான். ஆனால் வாடிக்கையாளரைச் சுவர் கட்டி நிறுத்த முடியாது. சுவர் கட்டியவர்களின் கோட்டையில் இன்று ஒரு வாசல்தான் மிச்சம்.

ஊர் திரும்பியதும் என் மகனிடம் ஒரு யோசனை சொன்னேன். பத்துச் சில்லரைக் கடைக்காரர்கள் சேர்ந்து விருதுநகரில் ஒரே விலை பேசிப் பருப்பு லோடு எடுக்கட்டும். நம் கிடங்கில் இறக்கி, நம் தராசில் பிரித்துக்கொள்ளட்டும். கிடங்கு வாடகையும் கூலியும் மட்டும் நமக்குப் போதும் என்றேன். "அப்போ நம்ம மொத்தக் கடைக்கு என்ன மிச்சம்ப்பா?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. "அந்தப் பத்துக் கடையும் மிச்சம் இருக்கும் மக்கா. அது இல்லேன்னா நமக்கு யாருக்கு விக்க?" என்றேன். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவனே ஆறு கடைக்காரர்களிடம் பேசிவிட்டு வந்தான்.

ஆவணியில் முதல் லோடு வந்தது. துவரம்பருப்பும் உளுந்தும். ஆறு பேரும் நேரில் நின்று, மூட்டை மூட்டையாக எடை பார்த்து எடுத்தார்கள். ஒரு மூட்டையில் எடை குறைந்தது. அந்தக் குறையை ஆறு பங்காக்கி எழுதினோம். கிலோவுக்குச் சில ரூபாய்தான் லாபம், பெரிய தொகை இல்லை. ஆனாலும் அடுத்த லோடுக்கு எட்டுப் பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

அந்த எட்டில் ஒருவர், 1994-ல் கருப்பட்டியைத் திருப்பி வைத்துவிட்டுப் போனவரின் மகன். பெயர் எழுதிய பிறகு, "அப்பா இருந்தா வந்திருக்க மாட்டாரு அண்ணாச்சி" என்றார். "தெரியும் தம்பி. எடை பாக்க நீயே வந்து நில்லு" என்றேன்.

உங்கள் ஊரிலும் பத்துப் பேர் சேர்ந்து ஒரு லோடு எடுத்துப் பாருங்கள். வசதி உள்ளவர்கள் ஒருமுறை மலாக்காவுக்கும் போய் வாருங்கள். கோட்டை வாசலில் ஐந்து நிமிடம் நின்றால் போதும். கடைத்தெருவில் ஒரு நாள் முழுவதும் நடங்கள்.